ஒரு வீட்டுக்கு ஒரு கை

தொலைபேசி மணி அடித்தால் மரியரட்ணம்தான் ஓடிப்போய் எடுப்பார். வீட்டில் வேறு யாரும் எடுத்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. ஜேர்மனியின் ஹம் நகரத்தில் தமிழ் முகம் ஒன்றைக் காண்பதே அருமையாக இருந்த காலத்தில் வந்து இறங்கிய மனுசன். யாருக்காவது டொச் மொழியில் கடிதம் வந்தால், டொக்டரிடம் போக வேண்டியிருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் தவணை கிடைத்தால் எல்லோரும் தேடியது மரியரட்ணம் அண்ணையைத்தான். கம்பித் தொழிற்சாலையில் வேலை முடித்து, குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே போய் அவர்களுக்காகக் கதைத்துக் கொடுத்திருக்கிறார். "அண்ணை இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது" என்று நாலு பேர் சொல்லக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அது.

அன்றைக்கும் ஓடிப்போய் எடுத்தார். யோகலிங்கம். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன், அகதியாக வந்த முதல் வருசத்தில் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன்.

"அண்ணை, வீட்டு நிர்வாகத்திலயிருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. தலையும் விளங்கேல்லை, காலும் விளங்கேல்லை."

"வாசியும் பாப்பம்." மரியரட்ணம் பேனையைத் தேடினார்.

"இல்லை அண்ணை, அது வந்து... அக்கா நிக்கிறாவோ?"

வயிறு பற்றி எரிந்தது மனுசனுக்கு. "நிக்கிறா" என்று சொல்லி ரிசீவரை மேசையில் தொப்பென்று போட்டார். பெண்சாதி கொறற்றி குசினியிலிருந்து மாக்கையோடு வந்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, ஓம் ஓம் என்று கேட்டு, இரண்டு இடத்தில் சிரித்து, கடைசியில் "பயப்பிடாதேங்கோ தம்பி, வெந்நீர்க் குழாய் மாத்தப் போகினமாம், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டாள். மரியரட்ணம் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வெந்நீர்க் குழாய்! இதை நான் சொல்லமாட்டேனா? அடேய் யோகலிங்கம், உனக்கு 'நன்றி' என்பதற்கு டொச்சில் என்ன சொல்வதென்று காட்டிக்கொடுத்தவன் யாரடா?

பெண்சாதியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆம்பிளை தன்னுடைய பரம்பரையிலேயே கிடையாது என்றுதான் மரியரட்ணம் சத்தியம் செய்வார். நாங்கள் அதை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த எரிச்சலுக்குப் பிள்ளையார் சுழி, மன்னிக்கவும், வேதக்காரர் வீட்டில் சிலுவை அடையாளம் என்று சொல்ல வேண்டும், போன வருசத்து வீட்டுச் சொந்தக்காரர் கூட்டத்தில் போடப்பட்டது. அவர்கள் இருந்த கட்டடத்தில் ஒன்பது வீடுகள், ஒன்பதுக்கும் தனித்தனிச் சொந்தக்காரர். கூரை ஒழுகினாலும் படிக்கட்டு விளக்கு எரியாவிட்டாலும் வருசத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடி, நிர்வாகி பிறிங்மன் தலைமையில் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்குள் வைத்துக் காசு வருகிற வேலை ஏதும் செய்வதென்றாலும் அதே சட்டம்தான். கூட்டத்தில் பெரும்பான்மை சம்மதிக்க வேண்டும்.

கொறற்றிக்கு அந்தச் சம்மதம் தேவைப்பட்டது. விடிவதற்கு முன்னமே எழும்பி ஒரு வங்கியைக் கூட்டித் துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். மரியரட்ணத்துக்குக் காலை வேலை வருகிற கிழமைகளில் ஏழு வயது அஞ்சலா தனியே எழும்பி, தனியே பால் ஊற்றிக் குடித்து, தனியே கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். அதை நினைத்து நினைத்துத் தாய்க்கு வாளித் தண்ணீரோடு கண்ணீரும் சேரும். வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகள் மூன்று பேரைப் பகலில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால், அதற்குச் சம்பளமும் வரும், தன் பிள்ளையைத் தானே தலைவாரி அனுப்பலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"நான் பாத்துக்கொள்ளுறன். நீர் வீட்டில நில்லும்" என்று மார்பைத் தட்டிக்கொண்டு போனார் மரியரட்ணம். கூட்டம் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்துக்கு எத்தனையோ வருசமாக அவர்தான் செயலாளர். கேவலார் மாதா திருவிழாவுக்கு பஸ் பிடிக்கிற விசயத்தில் அடிபாடு வந்தால் தீர்த்துவைக்கிறவரும் அவர்தான். எங்கள் சங்கங்களின் சங்கதி தெரியும்தானே? நிகழ்ச்சிநிரலில் இருப்பதெல்லாம் ஒப்புக்கு. உண்மையான விசயம் எல்லாம் கடைசியில், 'வேறு விடயங்கள்' என்ற தலைப்பில்தான் வரும். அதற்குள் தேத்தண்ணியும் பற்றிசும் வந்துவிடும், ஆட்களின் மனமும் இளகிவிடும். அந்த நேரம் பார்த்து மெல்ல எழும்பி ஒரு வார்த்தை போட்டால் காரியம் முடிந்தது.

அதே வித்தையை மரியரட்ணம் அங்கேயும் காட்டினார். கடைசித் தலைப்பு வரும்வரை காத்திருந்து, எழுந்து நின்று, குழந்தைகள் ஆண்டவருடைய கொடை என்கிற மாதிரி நன்றாகத்தான் கதைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். மேல்வீட்டுக் கிழவர், போல் என்று பெயர், மேசையில் கைமுட்டியால் தட்டிப் பாராட்டுக்கூடச் சொன்னார். வீட்டுக்கு வந்து, "எல்லாம் சரி. ஒருத்தரும் எதிர்க்கேல்லை" என்று மீசையைத் தடவிக்கொண்டார் மனுசன். கொறற்றி வங்கி வேலையை விட்டாள். மூன்று பிள்ளைகள் வந்தன. ஒரு மாதம்கூட ஆகவில்லை, கீழ்வீட்டு ஸ்ட்ராட்மன் அம்மா முறைப்பாடு வைத்துவிட்டார். நிர்வாகி வந்து அமைதியாக விளக்கினார்: கடைசித் தலைப்பில் எதையும் கதைக்கலாம், எதையும் தீர்மானிக்க முடியாது. விசயம் முன்கூட்டியே நிகழ்ச்சிநிரலில் இருக்க வேண்டும், வாக்கு எடுக்க வேண்டும். தலையாட்டுவதை இங்கே யாரும் எண்ணுவதில்லை.

பிள்ளைகள் போய்விட்டன. அவர்களுக்காக வாங்கிய குட்டி மெத்தைகளைக் கொறற்றி நிலவறையில் கொண்டுபோய் வைத்தாள். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்தது இன்னும் தூரத்தில், இன்னும் வெள்ளென எழும்ப வேண்டிய வேலை. அவள் ஏசவில்லை, அழவில்லை, பாத்திரத்தைப் போட்டு உடைக்கவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"அடுத்த முறை நான் போறன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நகர மக்கள் கல்லூரியில் மாலை வகுப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். வீட்டுச் சொந்தக்காரர்கள் கூட்டத்தில் எப்படிப் பேசுவது, எப்படிப் பிரேரணை கொடுப்பது, எப்படி வாக்கெடுப்பது என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பாம். உலகத்தில் இப்படியும் ஒரு படிப்பு! நகரசபைச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற லோமன் அம்மாதான் ஆசிரியை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தால் கொறற்றி சோற்றைச் சட்டியில் மூடிவைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவாள். மரியரட்ணம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பசி இருந்தாலும் சாப்பிடாமல் அவள் வரும்வரை உம்மென்று இருப்பார். ஏன் சாப்பிடவில்லை என்று அவள் கேட்டால் "பசிக்கேல்லை" என்பார்.

வீட்டிலும் அவள் பழகுவாள். ஒருநாள் குசினி வாசலில் நின்று பார்த்தார். கொறற்றி வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

"என்ன, செபக்கூட்டமோ?" என்றார் நக்கலாக.

அவள் சிரித்துவிட்டாள். "இல்லையப்பா. சாதாரணமாக் கதைக்க வேணுமெண்டா ஒரு கை தூக்கவேணும். கூட்டம் நடக்கிற முறையைப் பற்றி ஏதும் சொல்ல வேணுமெண்டா ரெண்டு கையும். ரெண்டு கை தூக்கினா ஆர் கதைச்சுக்கொண்டிருந்தாலும் நிப்பாட்டிப்போட்டு எங்களைக் கேக்கவேணும்."

"ஓகோ. இனி வீட்டிலயும் ரெண்டு கையைத் தூக்கி என்ர வாயை மூடலாமெண்டு பாக்கிறீரோ?"

"உங்கட வாய்க்கு ரெண்டு கை காணாது" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்தை எடுத்தாள். பகிடிக்குத்தான் சொன்னாள். அவருக்குப் பகிடியாகப் படவில்லை. பழைய கொறற்றி இப்படித் திருப்பிச் சொல்லமாட்டாள், இது அந்த வகுப்பு செய்த வேலை என்று அன்றிரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. சைக்கிளில் நனைந்து வருவாளே என்று காரை எடுத்துக்கொண்டு போனார். நல்ல எண்ணத்தோடுதான் போனார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வகுப்புக் கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. உள்ளே பார்த்தார். நீள மேசையின் தலைமாட்டில், கையில் குட்டி மணியோடு, கொறற்றி இருந்தாள். கூட்டத் தலைவராக அன்றைக்கு அவள் முறையாக்கும். இரண்டு பக்கமும் நரைத்த தலையும் மொட்டைத் தலையுமாக வெள்ளைக்காரர்கள். ஒரு பெரிய உடம்புக்காரர் விடாமல் பேசிக்கொண்டே போக, கொறற்றி மணியைக் கிணுங்கென்று அடித்து ஏதோ சொன்னாள். அந்த மனுசன் சட்டென்று வாயை மூடிக்கொள்ள, அறை முழுக்கச் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். இத்தனை வருசத்தில் ஒரு வெள்ளைக்காரனாவது என் பேச்சுக்கு இப்படி வாய்விட்டுச் சிரித்திருக்கிறானா என்று மரியரட்ணம் யோசித்தார். ஒருவனும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வகுப்பு முடிந்து கதவு திறந்தது. லோமன் அம்மா இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். வகுப்பில் எல்லோரும் கொறற்றி, கொறற்றி என்றே கூப்பிடுவதால் அதுதான் குடும்பப் பெயர் என்று அந்த மனுசி நினைத்துக்கொண்டிருந்தார் போல.

"ஆ, நீங்கள்தானா திரு. கொறற்றி! உங்கள் மனைவி இல்லாவிட்டால் எங்கள் வகுப்பு உப்பில்லாத சூப்தான்."

திரு. கொறற்றி! வீடு வந்து சேரும்வரை மரியரட்ணம் வாயைத் திறக்கவில்லை. கார்க் கண்ணாடியைத் துடைக்கும் தடிகள்தான் இங்கும் அங்கும் அடித்துக்கொண்டிருந்தன. "வயித்துக்குள்ள ஏதுமோ?" என்று கொறற்றி இரண்டு தரம் கேட்டாள். வயிற்றுக்குள்தான், வேறெங்கே?

பங்குனி மாதம் கூட்ட அழைப்பு வந்தது. கொறற்றி முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பிரேரணை ஐந்தாவது விசயமாக அச்சில் இருந்தது. மூன்று பிள்ளைகள், காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலு வரை, மத்தியான ஓய்வு நேரத்தில் சத்தம் இராது, ஓம் அல்லது இல்லை. அவ்வளவு சுருக்கமாக, ஒரு சொல் கூடக் கூடாமல் எழுதியிருந்தாள். மரியரட்ணம் பிழை பிடிக்கலாம் என்று நாலைந்து தரம் வாசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். எட்டு வீட்டுக்கும் போனாள். கிழவர் போலிடம் போனாள், யாரோடும் பேசாத க்ரூஸவிடம் போனாள், தன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பும் ஸ்ட்ராட்மன் அம்மாவிடம்கூடப் போய் வாசலில் நின்று, எந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கரைச்சல் என்று பணிவாகக் கேட்டாள். வந்து புருசனுக்கு முன்னால் இருந்து கணக்குச் சொன்னாள்.

"நாலு வீடு ஓம். நாலு வீடு வேண்டாமாம், முகத்துக்கு நேர சொல்லிப்போட்டினம். மிச்சம் எங்கட வீடு."

"எங்களுக்கு ரெண்டு வோட்டுத்தானே. பிறகென்ன?"

"இல்லையப்பா. வீடு ரெண்டு பேரிலயும் இருந்தாலும் வோட்டு ஒண்டுதான். நீங்கள் ஒண்டு நான் ஒண்டு எண்டு ரெண்டு மாதிரிச் சொன்னா அந்த வோட்டே செல்லாது. நாலுக்கு நாலெண்டு வந்தா தோத்த மாதிரித்தான்."

"அப்ப வோட்டுக் கார்ட் ஆற்ற கையில இருக்கும்?"

"உங்கட கையிலதான். நான் கதைக்கவேணுமெல்லே."

மரியரட்ணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கன காலத்துக்குப் பிறகு உடம்புக்குள் ஒரு தெம்பு வந்த மாதிரி இருந்தது. சரி, எவ்வளவுதான் படித்தாலும், எத்தனை மணி அடித்தாலும், கடைசியில் என் கை எழும்பினால்தான் உன் காரியம் நடக்கும். கேட்கட்டும். எட்டு வீட்டுக்காரரிடமும் வாசலில் நின்று கேட்டவள், என்னிடமும் வந்து, "எனக்காக ஒருக்கா அந்தக் கையைத் தூக்கிவிடுங்கோப்பா" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். உடனே தூக்குகிறேன் என்று அவர் மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டார்.

அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை கேட்பாள் என்று பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கேட்பாள் என்று பார்த்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டாள், இறால் குழம்பு வைத்தாள், அஞ்சலாவுக்குப் பேன் பார்த்தாள். அதை மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்காரன் என்றால் அவ்வளவு இளக்காரமா? கிழவர் போலுக்கு உள்ள மரியாதை எனக்கு இல்லையா? நாளாக நாளாக அந்தக் கேட்காத கேள்வி அவருடைய நெஞ்சுக்குள் கல்லு மாதிரி இறுகிவிட்டது.

கூட்டத்துக்கு முதல்நாள் முடிவு கட்டினார். எதிர்த்து வாக்களிப்பதா? சீச்சீ, அப்படிச் செய்ய அவர் என்ன யூதாஸா? எதிர்க்க மாட்டார். கை தூக்காமல் இருப்பார், அவ்வளவுதான். சங்கத்தில் எத்தனை தரம் செய்திருக்கிறார்! இரண்டு கோஷ்டி முட்டிக்கொண்டால் செயலாளர் கையை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். கை தூக்காதவன் நடுநிலை. யாருக்கும் பகையில்லை, யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. நாலுக்கு நாலு என்று விழும். கொறற்றி தோற்பாள். தோற்றுப்போய் வீட்டுக்கு வருபவளை அவர் ஆறுதல் சொல்லித் தேற்றுவார், அடுத்த வருசம் தானே முன்னின்று வென்று கொடுப்பார். அந்த ஆறுதல் வார்த்தைகளைக்கூட மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டார் பாவி மனுசன். அஞ்சலா தனியே பால் ஊற்றிக் குடிக்கிற காட்சி இடையில் ஒருக்கா வந்தது. இன்னும் ஒரு வருசம்தானே, பிள்ளை பழகிவிட்டாள் என்று அதைத் தள்ளிவிட்டார்.

கூட்டம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் நடந்தது. அஞ்சலாவை யோகலிங்கம் வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்து போனார்கள். வாசலில் பிறிங்மன் வீட்டுக்கு ஒன்றாக மஞ்சள் அட்டை கொடுத்தார். கொறற்றி தலையால் புருசனைக் காட்ட, அட்டை மரியரட்ணத்தின் கைக்கு வந்தது. அவர் கடைசி வரிசையில் சுவரோடு இருந்தார். அவள் முன்னுக்குப் போய் இருந்தாள். மழைநீர்ப் பீலிக்குச் செம்பு போடுவதா தகரம் போடுவதா என்று நெடுநேரம் இழுபட்டது. பியர்க் கிளாசுகள் காலியாகி மறுபடி நிரம்பின. மரியரட்ணத்தின் உள்ளங்கை வியர்த்து அட்டையின் ஓரம் நமுத்துப்போனது.

ஐந்தாவது விசயம் வந்தது. கொறற்றி எழுந்தாள். குரலில் நடுக்கம் இருந்தது, முதல் இரண்டு வசனத்துக்குத்தான். குழந்தைகள் ஆண்டவருடைய கொடை என்றெல்லாம் சொல்லவில்லை. தள்ளுவண்டிகளை எங்கே வைப்பாள், படிக்கட்டை யார் துடைப்பார்கள், ஒரு பிள்ளை கத்தினால் யாருக்கு எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்கலாம் என்று சொன்னாள். ஸ்ட்ராட்மன் அம்மா எழும்பி, தனக்கு மத்தியானம் தலையிடி வரும் என்று ஆரம்பித்து நீட்டி முழக்கினார். கொறற்றி குறுக்கே பேசாமல் கேட்டு, அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கொண்டுபோவதாகத் தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ளலாம் என்றாள். கிழவர் மேசையில் தட்டினார். அவரைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர் தட்டினார்கள். போன வருசம் எனக்கு ஒரு முட்டி, இவளுக்கு நாலு முட்டியா என்று கடைசி வரிசையில் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறிங்மன் வாக்கெடுப்புக்கு ஆயத்தமானார். அந்த நேரம் பார்த்துக் கொறற்றி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

அறை சட்டென்று அடங்கியது. பிறிங்மன் பேனையைக் கீழே வைத்தார். "சொல்லுங்கள், திருமதி மரியரட்ணம்" என்றார்.

அட கடவுளே! மரியரட்ணம்! ஒரு எழுத்துப் பிசகாமல், ரட்ணத்தின் ட்-கூடத் தெளிவாக விழ, அந்த மனுசன் சொல்லிவிட்டார். இதே பிறிங்மன் இத்தனை வருசமாக இவரைக் கண்டால் "திரு... ம்ம்... வணக்கம்" என்று விழுங்கிவிட்டுப் போகிறவர். என்னுடைய பெயர், என் அப்பன் ஆத்தை எனக்கு வைத்த பெயர், அவளுக்குச் சொல்லும்போது மட்டும் வாய்க்குள் நுழைகிறதோ! அந்த ஆத்திரத்தில் காது அடைத்துக்கொண்டது. கொறற்றி எழுந்து நின்று வாக்கு எண்ணுகிற ஒழுங்கைப் பற்றி ஏதோ கேட்டதும், பிறிங்மன் யாருக்கும் ஆட்சேபணை உண்டா என்று சுற்றிப் பார்த்ததும், ஒருவரும் வாய் திறக்காததும் அவருக்குக் கனவில் நடப்பது போல் எங்கோ தூரத்தில் நடந்தன.

"எதிர்ப்பவர்கள்?" என்றார் பிறிங்மன்.

நாலு மஞ்சள் அட்டை எழும்பின. கொறற்றியின் கணக்கு அச்சொட்டாகச் சரி.

"பக்கம் சாராதவர்கள்?"

ஒருவரும் தூக்கவில்லை. மரியரட்ணமும் தூக்கவில்லை. எனக்கு அபிப்பிராயம் இல்லை என்று சொல்வதற்கும் கையைத் தூக்குகிற மடையன் உண்டா? எல்லாம் இனி வரப்போகிற கேள்விக்குத்தான். ஆதரிப்பவர்கள் என்று அந்த மனுசன் கேட்பார், நாலு அட்டை எழும்பும், ஐந்தாவது அட்டை என் மடியிலேயே கிடக்கும். அவர் அட்டையின் மேல் இரண்டு கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

அந்தக் கேள்வி வரவே இல்லை.

"எதிர்ப்பு நாலு. பக்கம் சாராதவர் இல்லை. இப்போது ஒப்புக்கொண்ட முறைப்படி மீதி ஐந்தும் ஆதரவு. பிரேரணை நிறைவேறியது" என்று சொல்லிப் பிறிங்மன் எழுதத் தொடங்கினார்.

மரியரட்ணத்தின் வாய் திறந்தது. இல்லை, நான் ஆதரிக்கவில்லை, என் கையை நான் தூக்கவில்லை என்று கத்த வேண்டும் போல் இருந்தது. எப்படிக் கத்துவது? அதைச் சொல்ல இத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால் எழும்பி நின்று, என் பெண்சாதிக்கு நான் எதிரி என்று சொல்ல வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டார். மேல்வீட்டுக் கிழவர் வரிசை வரிசையாகக் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் வாக்குத்தான் வெல்லவைத்தது" என்று வாழ்த்தினார். மரியரட்ணம் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

வெளியே வந்து நடக்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. கொறற்றியின் முகத்தில் களைப்பும் சந்தோசமும் கலந்து கிடந்தன. மரியரட்ணத்தின் மனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. நடந்தது நடந்துபோச்சு. யாருக்குத் தெரியும்? கிழவர் சொன்னதும் பொய்யில்லையே. யோசிக்க யோசிக்க அது அவருக்கே நன்றாக இருந்தது. செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பாத்தீரோ? எங்கட வோட்டு இல்லாட்டி நாலுக்கு நாலு. போயிருக்கும். எல்லாம் என்ர கையிலதான் இருந்தது."

கொறற்றி நின்றாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓமப்பா. எனக்குத் தெரியும். எனக்காக உங்கட கை எழும்பாதெண்டும் தெரியும்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?"

"அதுதான் வேண்டாமெண்டுறவையை முதல்ல கேக்கச் சொன்னனான். நாலு பேருக்கு முன்னால வேண்டாமெண்டு கை தூக்க உங்களுக்கு வெக்கம். ஓமெண்டு தூக்க மனம் வராது. சும்மாதான் இருப்பியள். சும்மா இருக்கிறவையை ஓமெண்டு எண்ணச் சொல்லிக் கேட்டனான்."

மரியரட்ணத்துக்கு முகம் சுட்டது. கோபத்தைத் தேடிப் பிடித்தார். "அவ்வளவு தெரிஞ்சிருந்தா கார்ட்டை நீரே வாங்கியிருக்கலாமே!"

"வாங்கியிருந்தா நீங்கள் அங்கையே எழும்பிச் சண்டைக்கு வந்திருப்பியள். ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி நிண்டா வோட்டுச் செல்லாமல் போயிருக்கும்."

"அப்ப என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஊரெல்லாம் கேட்டனீர். என்னட்டை மட்டும் ஏன் கேக்கேல்லை?" இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்தது அதுதான்.

கொறற்றி கைப்பையின் பட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"கேட்டா ஓமெண்டுதான் சொல்லியிருப்பியள். சொல்லிப்போட்டு அங்க வந்து தூக்காமல் இருந்திருந்தா? அதுக்குப் பிறகு நான் உங்களோட எப்பிடியப்பா ஒரு வீட்டில இருக்கிறது? அந்தப் பயத்திலதான் கேக்கேல்லை."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அது சோர்ந்த குரல். யோசித்து, அழுது, ஓய்ந்துபோய் எப்போதோ முடிவு கட்டிய ஒருத்தியின் குரல்.

"வாங்கோ, பிள்ளை நித்திரை கொள்ளப்போகுது" என்று சொல்லிவிட்டு அவள் யோகலிங்கத்தின் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். மரியரட்ணம் கூப்பிட நினைத்தார், கூப்பிடவில்லை. பக்கத்தில் போய்ச் சேர்ந்து நடக்கக் கால் கூசியது. பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, அவள் போன வழியே நடந்தார்.